வெர்லேனின் கைத்துப்பாக்கி: பழம்பொருளுக்கு விலை குறிப்பது பற்றிச் சில செய்திகள்

2016ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், பாரிஸ் நகரின் கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்தில் ஒரு சிறிய சுழல் துப்பாக்கி விற்பனைக்கு வந்தது. குழல் விட்டம் 7 மில்லிமீட்டர். உருளையில் ஆறு தோட்டாக்கள் கொள்ளும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கத்தக்க உருவம். ஏலக்கூடத்தார் முன்னதாக வெளியிட்டிருந்த மதிப்பீடு 50,000 முதல் 70,000 யூரோ வரை. விற்ற விலையோ 4,34,500 யூரோ. இதே அமைப்பும் இதே காலமும் உடைய வேறொரு துப்பாக்கியை ஐரோப்பியப் பழம்பொருள் சந்தையில் சில நூறு யூரோக்களுக்கு வாங்கிவிடலாம்.

இலக்கிய வாசகர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். 1873ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகர விடுதி ஒன்றில் கவிஞர் பால் வெர்லேன், கவிஞர் ஆர்தர் ரிம்போவைச் சுட்ட துப்பாக்கி அது. அச்செய்தியை அப்போது முதுகலை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தோம். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவர், "அதே துப்பாக்கிதான் என்று எப்படித் தெரியும் ஐயா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனெனில் நம்மிடம் விடை இல்லை. கவிதைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடிந்த நமக்கு அந்த இரும்புத் துண்டைப் பற்றி ஒரு வாக்கியம் பேச முடியவில்லை. பின்னர் தேடித் தேடிப் படித்தவற்றை இங்கே எழுதிவைக்கிறோம். நாம் துப்பாக்கி வல்லுநர் அல்லோம். வாழ்வில் ஒன்றையும் கையால் தொட்டதில்லை. ஆயினும் அதற்கு விலை குறிப்போர் செய்யும் வேலை, ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் செய்த வேலைக்கு மிக அருகில் நிற்பதைக் கண்டபின் எழுதாமல் இருக்க இயலவில்லை.

முதலில் நிகழ்ச்சி. அன்று வெர்லேனுக்கு 29 வயது, ரிம்போவுக்கு 18. மனைவியை விட்டுவிட்டு ரிம்போவுடன் இலண்டனில் வாழ்ந்திருந்த வெர்லேன், அவரையும் பிரிந்து பிரஸ்ஸல்ஸ் வந்து, தற்கொலை செய்துகொள்ளப் போவதாகக் கடிதங்கள் எழுதினார். ரிம்போ பின்தொடர்ந்து வந்தார். வந்தவர் பாரிசுக்குத் திரும்பப் போவதாகச் சொன்னார். ஜூலை 10 காலையில் வெர்லேன் மோந்தினி என்னும் ஆயுதக் கடையில் 23 பிராங்கு கொடுத்துத் துப்பாக்கியும் தோட்டாக்களும் வாங்கினார். பிற்பகலில் விடுதி அறையில் இரு முறை சுட்டார். ஒரு குண்டு ரிம்போவின் இடது மணிக்கட்டில் பாய்ந்தது, மற்றொன்று தவறியது. மாலையில் தொடர்வண்டி நிலையத்துக்குப் போகும் வழியில் வெர்லேன் மீண்டும் பைக்குள் கையை விட, ரிம்போ ஓடிப்போய்க் காவலரிடம் முறையிட்டார். துப்பாக்கி பறிமுதலாயிற்று. பின்னர் ரிம்போ முறையீட்டைத் திரும்பப் பெற்றும், ஆகஸ்ட் 8ஆம் நாள் வெர்லேனுக்கு இரண்டாண்டுச் சிறையும் 200 பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன. சிறையில் இருக்கும்போதுதான் அவருடைய 'சொற்களில்லாப் பாடல்கள்' 1874இல் நூலாக வந்தது. ரிம்போவின் 'நரகத்தில் ஒரு பருவம்' 1873 இலையுதிர் காலத்தில் பிரஸ்ஸல்சிலேயே அச்சாயிற்று. ஃபிரெஞ்சுக் கவிதையின் போக்கைத் திருப்பிய இரு நூல்களுக்கு நடுவே அந்தத் துப்பாக்கி கிடக்கிறது. 4,34,500 யூரோ அந்த இடத்துக்குக் கொடுத்த விலை.

விலை குறிப்பவர் இக்கதையைக் கேட்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, கதையை மறந்துவிடுவது. துறையில் தேர்ந்தவர்கள் யாவரும் சொல்லும் முதற்பாடம் இதுவே. உரிமையாளர் பேசப் பேச இரும்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இரும்பு என்ன சொல்கிறது? இவ்வகைத் துப்பாக்கிக்கு லெஃபோஷே அமைப்பு என்று பெயர். தந்தை கசிமிர் லெஃபோஷே 1830களில் அமைத்த தோட்டாவை, மகன் யூஜீன் 1854இல் சுழல் துப்பாக்கியில் புகுத்தினார். இத்தோட்டாவின் பக்கவாட்டில் ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். துப்பாக்கியின் குதிரை மேலிருந்து அந்த ஊசியின் தலையில் அடிக்க, அது உள்ளே சென்று வெடிமருந்தைப் பற்றவைக்கும். ஊசி வெளியே நிற்பதற்காக உருளையின் விளிம்பில் ஆறு பிளவுகள் வெட்டியிருக்கும். அப்பிளவுகளைக் கண்டதும் அமைப்பு இன்னது என்று சொல்லிவிடலாம். பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பட்டறைகள் இவற்றை மலைமலையாகச் செய்து ஐரோப்பா எங்கும் அனுப்பின. ஆகவே அரிய பொருள் என்னும் தகுதி இதற்கு அறவே இல்லை.

ஆனால் லியேஜ் நகரத்துக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. அங்குச் செய்த ஒவ்வொரு துப்பாக்கியையும் நகரச் சோதனைச் சாலையில் அளவு மிஞ்சிய மருந்திட்டு வெடித்துப் பார்த்து முத்திரை குத்தினார்கள். முட்டை வடிவ வட்டத்துக்குள் இ, எல், ஜி என்னும் மூன்று எழுத்துகள். 1893இல் இவ்வட்டத்தின் தலைமேல் ஒரு முடி சேர்ந்தது. சோதனையாளர் தமக்கென ஓர் எழுத்தையும் குத்துவார். அவ்வெழுத்தின் மேல் 1877 வரை முடியும், அதன் பின்னர் விண்மீனும் இருக்கும். இதன் பயன் வெளிப்படை. வெர்லேன் 1873இல் வாங்கியது என்று ஒருவர் கொண்டுவரும் துப்பாக்கியில் எழுத்தின்மேல் விண்மீன் இருந்தால், அங்கேயே பேச்சு முடிந்தது. கதை எவ்வளவு உருக்கமானதாயினும் அந்த இரும்பு அன்று பிறந்திருக்கவே இல்லை. முத்திரை பொருந்தினாலோ பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடாது. 1873க்கு முற்பட்ட எண்ணற்ற லியேஜ் துப்பாக்கிகளில் இதுவும் ஒன்று என்பது மட்டுமே நிலைபெறும். இரும்பு பொய்யை மறுக்கும். மெய்யை நிறுவும் ஆற்றல் அதற்குக் குறைவு. சுவடியின் எழுத்தமைதியைக் கொண்டு காலத்தின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் குறிக்கலாமே தவிர, படியெடுத்தவர் பெயரை அதிலிருந்து வருவிக்க முடியாதல்லவா? அதற்குக் கடைசி ஏட்டில் அவரே எழுதிவைத்த குறிப்பு வேண்டும்.

இந்தக் கடைசி ஏட்டுக் குறிப்பைத் தேடும் கலையை மிக விரிவாக வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே சேகரிப்போர் ஒருவர்க்கொருவர் துப்பாக்கிகளை மாற்றிக்கொள்வது பழைய வழக்கம். பணத்துக்கு விற்கும்போது சந்தை ஓரளவு திருத்தம் செய்யும். பொருளுக்குப் பொருள் மாற்றும்போது இருவரும் தத்தம் பொருளைச் சற்று ஏற்றியே மதிப்பர். எனவே மாற்றத்துக்கு முன் நடுநிலையான மதிப்பீடு ஒன்று தேவையாகிறது.

கோல்ட் நிறுவனம் 1873இல் படைத்துறைக்கென வெளியிட்ட சுழல் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மேற்குப் பகுதியைப் பற்றிய திரைப்படங்களில் நாம் காண்பது பெரும்பாலும் இதனையே. இதன் உடற்பகுதி, விசைக்காப்பு, கைப்பிடியின் பின்பட்டை ஆகியவற்றில் ஒரே வரிசை எண் பொறித்திருக்கும். பழைய துப்பாக்கிகளில் குழலிலும் உருளையிலும் கூட எண் உண்டு. எல்லா எண்களும் ஒத்திருந்தால் பகுதிகள் மாற்றப்படவில்லை என்று பொருள், விலை ஏறும். அடுத்து மேற்பூச்சு. தொழிற்சாலையில் ஏற்றிய நீலநிறம் எத்தனை விழுக்காடு எஞ்சியிருக்கிறது என்று கணக்கிடுவார்கள். அசல் நீலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மீந்து, மற்றதெல்லாம் தவிட்டு நிறமாகப் போன துப்பாக்கி, புதிதாக நீலமேற்றி மின்னும் துப்பாக்கியைவிட மதிப்பு மிக்கது. பாட்டனார் பொருளை விற்கும் முன் அன்போடு தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவரும் பேரன், அந்த அரை மணி நேர உழைப்பால் பாதி விலைக்கு மேல் அழித்துவிடுகிறான். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருத்தல், திருகாணித் துளைகளின் ஓரம் குழிந்திருத்தல் ஆகியவை தேய்த்ததைக் காட்டிக்கொடுக்கும். (நம் ஊர்க் கோயில் கல்வெட்டுகளை மணல் வீசித் தூய்மை செய்தவர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அது வேறு கட்டுரை.)

எண்கள் ஒத்திருப்பதே நன்று என்னும் விதிக்கு ஒரு புறனடை உண்டு. இத்துறையில் நாம் படித்தவற்றுள் நம்மை மிகவும் கவர்ந்தது அதுதான். குதிரைப்படைக்கு முதலில் வழங்கிய இத்துப்பாக்கிகளின் குழல் நீளம் ஏழரை அங்குலம். 1890களில் படைத்துறை பெருந்தொகையான துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்று, குழலை ஐந்தரை அங்குலமாகக் குறுக்கிச் செப்பனிட்டது. அந்தப் பணியில், குறிப்பாகப் பிந்திய தொகுதிகளில், ஒரு துப்பாக்கியின் உருளை மற்றொன்றுக்கும், அதன் கைப்பிடி வேறொன்றுக்கும் என்று பகுதிகள் கலந்துபோயின. பீரங்கிப்படை வகை என்று சேகரிப்போர் இவற்றை அழைக்கிறார்கள். இவ்வகையில் எண்கள் முரண்பட்டிருப்பதே இயல்பு. எல்லா எண்களும் சொல்லிவைத்தாற்போல் ஒத்திருந்தால் கூர்ந்து பார்க்க வேண்டும்: முதல் தொகுதியைச் சேர்ந்த அரிய துப்பாக்கியாக இருக்கலாம், யாரோ அரத்தால் பழைய எண்ணை அராவிப் புது எண் குத்தியதாகவும் இருக்கலாம். பாடல்களுக்கிடையே ஓசை சற்றும் பிறழாத சுவடியைக் கண்டு பதிப்பாசிரியர் ஐயுறுவது போன்றது இது. பின்னால் வந்த ஒருவர் திருத்தியிருக்கக் கூடும்.

பொய் செய்வோர்க்கும் இவை அனைத்தும் தெரியும். 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் போரில் கஸ்டரின் ஏழாம் குதிரைப்படை படுதோல்வியுற்றது. அப்படைக்குச் சென்ற தொகுதியைச் சார்ந்த துப்பாக்கி என்றால் விலை பன்மடங்கு. அக்காலத்தில் படைத்துறைக்காகத் துப்பாக்கிகளைச் சோதித்தவர் ஐன்ஸ்வொர்த். மரக் கைப்பிடியில் அவருடைய முத்திரையையும், உடற்பகுதியில் அரசு அடையாளத்தையும் புதிதாகக் குத்திச் சாதாரணத் துப்பாக்கியைப் படைத் துப்பாக்கியாக்கும் தொழில் நெடுநாள் நடந்திருக்கிறது. இதை எதிர்கொள்ளத்தான் ஜான் கோபெக் போன்ற ஆய்வாளர்கள் எண்களையும் முத்திரைகளையும் பல்லாண்டு தொகுத்து ஒப்பிட்டார்கள். அவருடைய சான்றுக் கடிதம் இல்லாத குதிரைப்படைத் துப்பாக்கியை வாங்கத் தயங்குவோர் பலர். இதனோடு கோல்ட் நிறுவனமே ஒரு சேவை செய்கிறது. எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், பழைய பேரேட்டைப் பார்த்து, இன்ன குழல் நீளத்தோடு, இன்ன மேற்பூச்சோடு, இன்ன நாளில், இன்ன வணிகருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருகிறது. கையிலுள்ள துப்பாக்கி அந்தக் கடிதத்தோடு ஒத்தால் நிம்மதி. ஒவ்வாவிட்டால் வாங்கியவர் அக்கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மறைத்துவிட்டு அடுத்த ஏமாளியைத் தேடுகிறார் என்பதும் உண்மையே. ஆகவே எண்ணைக் குறித்துக்கொண்டு நாமே புதிதாகக் கடிதம் கேட்டுப் பெறுவதே முறை என்கிறார்கள்.

கைமாறிய வரலாறு முழுமையாக அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஆகஸ்டில் போன்ஹாம்ஸ் ஏலக்கூடத்தார் லாஸ் ஏஞ்சலிசில் நடத்திய விற்பனை சான்று. 1881 ஜூலை 14ஆம் நாள் இரவு, நியூ மெக்சிகோவின் சம்னர் கோட்டையில், காவல் அதிகாரி பாட் கேரட், பில்லி த கிட் என்னும் இளம் குற்றவாளியைச் சுட்டுக் கொன்ற கோல்ட் துப்பாக்கி அது. எதிர்பார்த்தது 20 முதல் 30 இலட்சம் டாலர். விற்றது 60 இலட்சத்து 30 ஆயிரம் டாலருக்கு மேல். இரும்பளவில் அது சிறப்புடையதன்று. அதன் பலம் தொடர்ச்சி. கேரட்டிடமிருந்து அது எல் பாசோ நகர மதுக்கூடம் ஒன்றின் சுவருக்குக் காட்சிப் பொருளாகச் சென்றது. அவர் 1908இல் இறந்தார். பின்னர் மதுக்கூட உரிமையாளரும் இறக்க, துப்பாக்கி யாருக்கு என்று கேரட்டின் மனைவி 1930களில் வழக்குத் தொடுத்து வென்றார். அந்த அம்மையார் விலையை உயர்த்தும் நோக்கோடு நீதிமன்றம் ஏறவில்லை, கணவரின் பொருள் வேண்டும் என்றே ஏறியிருப்பார். ஆயினும் அந்தத் தீர்ப்பே பிற்காலத்தில் எந்த வல்லுநர் சான்றையும் விட உறுதியான ஆவணமாகிவிட்டது. பகையாளிகள் இருவரும் ஒரே பொருளை அதே பொருள்தான் என்று ஒப்புக்கொண்டு சண்டையிட்டார்கள் அல்லவா?

இதற்கு நேர் எதிரான விற்பனை 2019 ஜூன் மாதம் பாரிசில் துருவோ ஏலக்கூடத்தில் நடந்தது. ஓவியர் வின்சென்ட் வான்கோ 1890 ஜூலை 27ஆம் நாள் ஓவேர் சிற்றூரின் வயல்வெளியில் தம்மைச் சுட்டுக்கொண்டு, இரண்டு நாள் கழித்து இறந்தார். 1960 வாக்கில் அந்த வயலில் உழவர் ஒருவருக்கு ஒரு துப்பாக்கி கிடைத்தது. அதுவும் வெர்லேனுடையதைப் போலவே 7 மில்லிமீட்டர் லெஃபோஷே. கைப்பிடி மரம் போய், விசை கோணி, முழுவதும் துருவேறிய எலும்புக்கூடு. நிலைமையைக் கொண்டு மதிப்பிட்டால் பழைய இரும்புக் கடைக்காரர் கூட யோசிப்பார். 1,62,500 யூரோவுக்கு விற்றது. வான்கோவின் துப்பாக்கி என்பதற்கு ஏலக்கூடத்தார் முன்வைத்த காரணங்கள்: கிடைத்த இடம், குண்டின் அளவு, பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் கிடந்ததைக் காட்டும் அரிப்பு, வலுக்குறைந்த துப்பாக்கி ஆதலின் ஓவியர் உடனே இறக்கவில்லை என்னும் பொருத்தம். 2016இல் ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகமும் அதைக் காட்சிக்கு வைத்திருந்தது. ஆனால் 1890க்கும் 1960க்கும் இடையில் அதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. முறையிட்டவர் இல்லை, பறிமுதல் செய்தவர் இல்லை, வழக்காடியவர் இல்லை. ஓவியர் தாமாகச் சுட்டுக்கொள்ளவில்லை, சிறுவர்கள் கைத்துப்பாக்கி வெடித்தது என்று 2011இல் வெளிவந்த ஒரு வாழ்க்கை வரலாறு வாதிட்டதையும் நினைக்க வேண்டும்.

அந்த 1,62,500 யூரோவில் இரும்பின் பங்கு ஏறத்தாழச் சுழியம். முழுவதும் 'இருக்கலாம்' என்னும் ஒரு சொல்லின் விலை. நம்மைக் கேட்டால் அது மிகை என்போம். பொருந்துகின்றவற்றை எல்லாம் அடுக்கிக் காட்டினாலும், பொருந்துவது வேறு, தொடர்வது வேறு. ஊர்ப்புற ஐரோப்பாவில் அக்காலத்தில் மிகுதியாகப் புழங்கிய மலிவான துப்பாக்கி அது. வயலில் ஒன்று கிடைத்ததில் வியப்பில்லை.

தொகையைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. வான்கோ துப்பாக்கிக்குச் சுத்தியல் விழுந்த விலை 1,30,000 யூரோதான். எஞ்சியது வாங்குபவர் ஏலக்கூடத்துக்குச் செலுத்தும் கட்டணம். செய்தித்தாளில் வரும் பெரிய எண்ணைக் கண்டு, தம்மிடம் உள்ளதும் அத்தனை பெறும் என்று கணக்கிடுவோர், விற்பவர் கைக்கு வருவது அதனினும் குறைவு என்பதைக் காண்பதில்லை. காப்பீட்டுக்குச் சொல்லும் மதிப்பு ஒன்று, ஏலத்தில் எதிர்பார்க்கும் மதிப்பு ஒன்று, வணிகர் உடனே எண்ணித் தரும் பணம் மற்றொன்று. பொருள் மாற்றத்தில் ஒருவர் காப்பீட்டு மதிப்பையும் மற்றவர் வணிகர் விலையையும் வைத்துப் பேசினால் நட்பு முறியும். சட்டமும் விலையில் பங்கு கொள்கிறது. அமெரிக்காவில் 1898 வரை செய்யப்பட்டவை பழம்பொருள் என்று கூட்டரசுச் சட்டம் கொள்வதால், அவ்வாண்டுக்கு இப்பக்கமா அப்பக்கமா என்பதே சில துப்பாக்கிகளின் விலையை மாற்றுகிறது.

இனி மாணவர் கேள்விக்கு வருவோம். வெர்லேன் துப்பாக்கி இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நிகழ்ச்சியின் ஆவணங்கள் உறுதியானவை. இருவரின் வாக்குமூலங்களும் அடங்கிய வழக்குக் கட்டு பெல்ஜிய அரச நூலகத்தில் இருக்கிறது. பறிமுதல் ஆனதும் உறுதி. வயலில் எறியப்பட்ட பொருளைவிட, காவலர் கையில் சிக்கிய பொருள் தடம் விட்டுச் செல்ல வாய்ப்பு மிகுதி. ஆனால் பறிமுதலுக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது வெளியுலகின் பார்வையில் இல்லை. வாங்கிய கடைக்கே திரும்பிச் சென்று, அங்கிருந்து தனியார் ஒருவர் கைக்குப் போனதாகச் சொல்லப்படுகிறது. வெர்லேன் சிறையிருந்த மோன்ஸ் நகரில் 2015இல் நடந்த கண்காட்சியில் அது இடம்பெற்றது. அடுத்த ஆண்டு ஏலத்துக்கு வந்தது. ஏலக்கூடத்தார் 50,000 என்று தொடங்கியதில் அந்த நெடிய மௌனத்தின் நிழல் உண்டு என்பது நம் எண்ணம். வாங்கியவர் அந்த மௌனத்தைத் தம் பணத்தால் நிரப்பினார்.

அந்த மாணவர் இப்போது வேறொரு கல்லூரியில் நமக்குச் சக ஆசிரியர். சென்ற மாதம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் குண்டு எங்கே ஐயா?" என்றார். 1873 ஜூலை 17ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் மருத்துவமனையில் ரிம்போவின் மணிக்கட்டிலிருந்து அதை எடுத்தார்கள். துப்பாக்கியோடு சேர்ந்து அது ஏலத்துக்கு வரவில்லை.